ஒற்றிக் காசும் ஒட்டுண்ணி வாழ்வும்

தாம் உழைத்து உண்பவர், பிறர் உழைப்பில் உண்பவர் என மாந்தர் இருதிறத்தர் என்பது பழைய செய்தி. பிறர் உழைப்பில் உண்பதே அறிவுடைமை, தாமே உழைத்து உண்பது பேதைமை என்று மேடையிட்டுக் கற்பிப்பது இற்றை நாளின் புதுச் செய்தி. சென்னையிலும் கோவையிலும் பெரிய விடுதிகளின் குளிரூட்டிய அறைகளில், விடுமுறை நாள்களில், கட்டணம் பெற்றுக்கொண்டு இக்கல்வி புகட்டப்பெறுகின்றது. கேட்போர் யார்? ஆசிரியர், எழுத்தர், செவிலியர், ஓய்வூதியம் பெறும் முதியோர், பாலை நாடுகளில் வியர்வை சிந்திப் பொருள் சேர்த்து மீண்ட இளைஞர். அஃதாவது, இதுகாறும் உழைத்தே உண்டவர்கள்.

அங்குக் கற்பிக்கப்பெறும் பாடம் மூன்றே. கையிலுள்ள பணத்தைப் பிறன் வீட்டை ஈடாகக் கொண்டு கடனாகக் கொடு. வாங்குவானையும் விற்பானையும், குடிபுகுவானையும் குடிவைப்பானையும் கூட்டிவைத்து இருபாலும் தரகு பெறு. பழைய வீட்டிற்கு வண்ணம் பூசி, தரைக்கு வழவழப்புக்கல் பதித்து, குடிக்கூலியை (வாடகையை) ஒன்றரை மடங்காக்கு. இம்மூன்றும் செய்வான் உறங்கும்போதும் அவன் பணம் உழைத்துக் கொண்டே இருக்குமாம்!

பணம் உழைப்பதை யார் கண்டார்? மாடு உழைக்கும், நிலம் விளைக்கும், தறி நெய்யும். பணப்பெட்டியைத் திறந்து வைத்தாலும் மூடி வைத்தாலும் அதிலுள்ள தாள் ஒரு சட்டி மண்ணையும் சுமந்ததில்லை. வீட்டினின்று ஒருவன் பெறும் ஒவ்வோர் உருவாவும், அவ்வீட்டிற் குடியிருப்பவனோ, அதை ஈடுவைத்து இழந்தவனோ, இனிக் குடிபுக இருப்பவனோ எங்கேனும் உழைத்து ஈட்டிய உருவாவே. ஈடு பெற்றவன், தரகன், புதுக்குபவன் ஆகிய மூவர் கையும் அந்த ஒரே பைக்குள்தான் நுழைகின்றன. நேற்று நூறு வீடு இருந்த தெருவில் இன்றும் நூறு வீடே உள. மூவருள் ஒருவனும் நூற்றொன்றாம் வீட்டைக் கட்டினானல்லன். குடிக்கூலி மட்டும் ஏறியிருக்கின்றது.

இக்கல்வியின் தாய்மனை அமெரிக்க நாடு. 1997-இல் அங்கு வெளிவந்து, பின்னர்த் தமிழிலும் பெயர்க்கப்பெற்ற இராபர்ட்டு கியோசாகியின் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' என்னும் நூலைப் படியாமல் இம்மேடைகளில் எவனும் ஏறுவதில்லை போலும். குடியிருக்கும் வீடு ஒருவனுக்கு உடைமையன்று, பைக்குள் பணத்தைக் கொணர்வது எதுவோ அதுவே உடைமை என்பது அந்நூலின் கொள்கை. நூல் வந்து பத்தாண்டு கழிந்த அளவில், 2007, 2008-ஆம் ஆண்டுகளில், அதே நாட்டில் நேர்ந்தது என்ன? கடனடைக்க வலியில்லாதார்க்கும் வீட்டுக்கடன் வாரி இறைக்கப்பெற்றது. கடனாளி செலுத்தும் வட்டி உயர உயரக் கடனைக் கூட்டிவைத்த தரகனின் தரகும் உயரும் வகையில் அங்கு ஏற்பாடு இருந்தது. ஆகவே குறைந்த வட்டிக்குத் தகுதியுடையானையும் மிகுந்த வட்டிக்குத் தள்ளிவிடுதல் தரகனுக்கு ஊதியமாயிற்று. கடன்கொடுத்த நிறுவனமோ அக்கடனைத் தன்னிடம் வைத்திருக்கவில்லை. பல கடன்களை ஒரு மூட்டையாகக் கட்டி வேறொருவனுக்கு விற்றது. அவன் மற்றொருவனுக்கு விற்றான். கடன் திரும்புமா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அவ்வரிசையில் ஒருவனுக்கும் இல்லை. 1850-இல் தோன்றிய இலேமன் பிரதர்சு என்னும் பெருநிறுவனம் 2008 செபுதம்பர் 15-இல் நொடித்து வீழ்ந்தது. இலக்கக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்து தெருவில் நின்றன. வட்டி உயரத் தரகு உயரும் முறையை அந்நாட்டுச் சட்டம் 2010-இல் தான் தடுத்தது. வீட்டுக்கடன் தொடர்பில், வெறுமனே ஆளைப் பரிந்துரைத்ததற்காகக் கைக்கூலி பெறுவதை 1974-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தும் இத்தனையும் நடந்தது. அங்கே நாறிய சரக்கைத்தான் இங்கே நறும்புகை காட்டி விற்கின்றனர்.

இனித் தமிழகத்து நிலையைக் காண்க. வீட்டின்மேற் கடன்கொடுத்து வருவாய் பெறுதல் இங்கு ஒற்றி என்னும் பெயரால் நடக்கின்றது. மக்கள் 'ஒத்தி' என வாய்ச்சொல்லாக வழங்குவது இப்பழந்தமிழ்ச் சொல்லே. அதனைப் 'போக்கியம்' என்று வடசொல்லாக்கினர் ஆவணம் எழுதுவோர். 'லீசு' என்று ஆங்கிலமாக்கினர் தரகர். இதனை வெறுஞ் சொற்சிக்கல் என்று தள்ளுவார் தள்ளுக. தள்ளுவோர் ஒருநாள் தம் பணத்தைத் தேடி அலையும்போது சொல்லின் விலை விளங்கும். ஒற்றி என்பது கடன். வீடு அக்கடனுக்கு ஈடு. ஒற்றிப்பணம் கொடுத்தவன் கடன்கொடுத்தவன் ஆதலின், பணம் திரும்புங்காறும் அவனுக்கு அவ்வீட்டின்மேற் பிடி உண்டு. 'லீசு' என்பதோ குடியிருப்பு உடன்படிக்கை. அச்சொல்லின்கீழ்க் கையொப்பமிட்டவன், கொடுத்தது ஐந்து இலக்கமேயாயினும், வெறுங் குடியிருப்பாளனாகச் சுருங்கிவிடும் இடர் உண்டு. வாயில் 'ஒத்தி' என்று பேசித் தாளில் 'லீசு' என்று எழுதுவது தற்செயலாக நிகழ்வதன்று.

நூறு உருவாவும் அதற்கு மேலும் உள்ள ஒற்றி, பதிவு செய்யப்பெற்ற ஆவணத்தாலேயே அமைதல் வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டின் உடைமை மாற்றச் சட்டம். (உரிமை ஆவணங்களை ஒப்படைத்துப் பெறும் கடன் இதற்கு விலக்கு, அவ்விலக்கின் கேட்டைப் பின்னர்க் காண்க.) ஓராண்டிற்கு மேற்பட்ட குடிக்கூலி உடன்படிக்கைக்கும் பதிவு வேண்டும். நடப்பது என்ன? சிறு விலை முத்திரைத்தாள் ஒன்று, தட்டெழுத்துக் கடையில் முன்னரே அணியமாயுள்ள படிவம், பெயரும் தொகையும் நிரப்ப வேண்டியது, சான்றாளர் இருவர், முடிந்தது. "பதிவுச் செலவு வீண்தானே?" என்பான் தரகன். சில ஆயிரம் உருவாவை மிச்சப்படுத்தி, சில இலக்கங்களைக் காற்றில் விடும் அறிவுரை அது.

இவ்வொற்றியின் கணக்கைச் சற்றே பொறுமையாகப் பார்த்தல் வேண்டும். வடசென்னையில் ஒரு தையற்றொழிலாளி என்று கொள்க. மனைவியின் நகையை விற்றும், சீட்டு எடுத்தும், உறவினரிடம் கைமாற்று வாங்கியும் 6,00,000 உருவா திரட்டி, மூன்றாண்டிற்கு ஒரு வீட்டை ஒற்றிக்குப் பிடிக்கின்றான். அவ்வீட்டின் குடிக்கூலி திங்களுக்கு 9,000 உருவா. ஆண்டிற்கு 1,08,000. ஆகவே அவன் பணத்திற்கு வீட்டுக்காரன் கூலி வடிவில் கொடுக்கும் வட்டி 18 விழுக்காடு. தொழிலாளி மகிழ்கின்றான்: கூலி மிச்சம், முதல் திரும்பி வரும், வேறெங்கு வைத்தாலும் இத்துணை வாராது. விடுதி மேடையிற் பேசுவோரும் இக்கணக்கையே பலகையில் எழுதிக் காட்டி, "ஒற்றிக்குப் பிடித்து, அதையே மேற்கூலிக்கு விடுங்கள், ஆண்டிற்கு 18 விழுக்காடு" என்று கைதட்டல் பெறுகின்றனர்.

எவரும் கேளாத வினா ஒன்றுண்டு. வீட்டையுடையவனுக்கு அவ்வீட்டைக் காட்டி வைப்பகத்தில் (வங்கியில்) அதனினும் மிகக் குறைந்த வட்டிக்குக் கடன் பெறலாகும். அவ்வாறிருக்க, 18 விழுக்காடு கொடுத்து ஒரு தையற்றொழிலாளியிடம் அவன் ஏன் வாங்குகின்றான்? வைப்பகம் அவனுக்கு இனிக் கொடாது. ஏன் கொடாது? அவ்வீடு முன்னரே வைப்பகத்தில் ஈடாக இருக்கின்றது. அல்லது அவன் தவணை தவறியவன். அல்லது அவ்வீட்டின்மேல் உடன்பிறந்தார் வழக்கு உளது. எல்லா ஒற்றியும் இத்தகையதே என்பதற்கில்லை. ஆயினும் வட்டி கொழுத்திருப்பதே ஈடு நைந்திருப்பதன் அடையாளம் என்பதைப் பலகையில் எழுதிக் காட்டுவார் இலர்.

பின்னர் நிகழ்வது இது. வீட்டுக்காரன் தவணை தவறுகின்றான். 2002-ஆம் ஆண்டு நடுவண் அரசு இயற்றிய சட்டத்தின்படி, வைப்பகம் 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, பொது முறைமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலேயே அவ்வீட்டைக் கைப்பற்றலாகும். ஒருநாள் கதவில் அறிவிப்பு ஒட்டப்பெறுகின்றது. ஒற்றிக்கு இருப்பவன் தன் தாளைக் கொண்டு ஓடுகின்றான். அத்தாள் பதிவாகாதது; பதிவாகியிருப்பினும், முன்னர் வைத்த ஈட்டிற்குப் பின்னர் வைத்த ஒற்றி இளையதே. வீட்டுக்காரனின் தொலைபேசி ஓய்ந்துவிட்டது. தரகன், "எனக்கென்ன தெரியும்? நான் வீடுதானே காட்டினேன்" என்கின்றான். மூன்றாண்டுக் கூலியை மிச்சப்படுத்த எண்ணியவன் ஆறு இலக்கத்தையும் இழந்து, தையற்பொறியைத் தலையிற் சுமந்துகொண்டு, மறுபடியும் அதே தரகனிடம் வேறு வீடு கேட்டு நிற்கின்றான்.

வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்திருக்கலாமே என்பர். எடுப்பது நன்றே. ஆயினும் வீட்டின் உரிமை ஆவணங்களைக் கடன்கொடுப்பவனிடம் ஒப்படைத்த அளவிலேயே ஈடு அமைந்துவிடும் என்னும் முறை ஆங்கிலேயன் காலத்தில் சென்னை, மும்பை, கொல்கத்தா முதலிய வணிக நகரங்களுக்கென ஏற்றுக்கொள்ளப்பெற்றது. எழுத்து ஒன்றும் வேண்டா. எழுதிப் பதிந்தாலன்றிப் பதிவகத்தில் அதன் சுவடும் இராது. வணிகர்க்கு விரைவு வேண்டுமென வகுத்த வழியில் ஏழையின் கால் இடறுகின்றது. மூல ஆவணம் எங்கே என்று கேட்டுக் கையில் வாங்கிப் பார்த்தல் ஒன்றே உடனடியான காப்பு. படி காட்டினால் போதாது. திருவெண்ணெய்நல்லூர் வழக்கைப் பெரியபுராணம் படித்தவர் மறவார்: ஓலை காட்ட வந்த முதியவரிடமும் மூலவோலையை வாங்கி, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்புநோக்கிய பின்னரே அவையத்தார் முடிவு சொல்லினர். வந்தவர் இறைவனேயாயினும் ஆவணம் ஆவணமே என்றிருந்த நாட்டில், இன்று வீட்டுக்காரன் காட்டும் மங்கலான படியைக் கண்டு ஆறு இலக்கத்தை எண்ணிக் கொடுக்கின்றனர்.

வட்டி என்பது தமிழர்க்குப் புதிதன்று. அதனை மறைப்பதிற் பயனில்லை. முதலாம் இராசராசன் எடுத்த தஞ்சைப் பெரிய கோவிலின் கருவூலத்துக் காசு ஊரவைகட்குக் கடனாகக் கொடுக்கப்பெற்றதை அங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆண்டொன்றுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்காற் காசு பொலிசை. அஃதாவது 12½ விழுக்காடு. கடன்பட்டது தனியொருவன் அன்று, ஓர் ஊரின் அவை. நந்தாவிளக்கு ஒன்றிற்கு 96 ஆடு கொடுக்கும் வழக்கமும் இருந்தது. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்து வந்தனர். அவ்வாட்டினைச் 'சாவா மூவாப் பேராடு' எனக் கல்வெட்டுகள் குறிக்கும். சாகாத முதல், மூப்படையாத முதல்! ஆடு ஈனும்; பால் தரும்; இறந்ததை ஈன்றது நிறைக்கும். ஆதலின் அச்சொல் அங்குப் பொருந்தும். வீடு குட்டி போடுவதில்லை. ஆண்டுதோறும் அது தேய்ந்துதான் போகின்றது. அதனைச் சாவா மூவாப் பேராடு என்று ஏய்த்து விற்பவன் நெய்யை வேறு யாரிடமிருந்தோ கறக்கின்றான் என்பதே பொருள். அக்காலம் முழுதும் அறத்தின் காலம் என்று மயங்கவும் வேண்டா. வரியிறுக்க இயலாமல் நிலத்தை விற்றவரும், தம்மையும் தம் மக்களையும் கோவிலுக்கே அடிமைகளாக விற்றுக்கொண்டவரும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உளர். கடன் எக்காலத்தும் வலியவன் கைக் கருவிதான். அதற்கு அரசு இடும் கடிவாளமே காலத்திற்குக் காலம் வேறுபடும்.

அக்கடிவாளம் இந்நூற்றாண்டிற்கு முன்னரே இங்கு இடப்பெற்றதுண்டு. 1938-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற உழவர் கடன் துயர்நீக்கச் சட்டம், முதலின் இருமடங்கு செலுத்தித் தீர்த்த உழவனின் கடன் முழுதும் அடைபட்டதாகவே கொள்ளப்பெறும் என்றது. 2003-இல் தமிழக அரசு கந்துவட்டி, நாள்வட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. சட்டம் வந்து 14 ஆண்டு கழித்து, 2017 அக்தோபரில், நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, சிறு பெண்மக்கள் இருவர் என ஒரு குடும்பமே கந்துவட்டிக் கொடுமைக்கு ஆற்றாது தீக்கிரையாயிற்று. 'கடன்கொடுத்து வருவாய் பெருக்குங்கள்' என்று மேடையிற் பேசுவோர் அந்த வளாகத்து மண்ணில் நின்று ஒருமுறை பேசட்டும்.

தரகுக்கு வருவோம் என்பதற்கு முன்னே தரகே வந்து நிற்கின்றது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் அவனைக் கடந்தாலன்றி ஒரு வீட்டின் கதவு திறப்பதில்லை. முன்னாளில் ஊரறிந்தவன் ஒருவன் வெற்றிலை பாக்கிற்கு நிலம் காட்டினான். அவன் செய்தது ஒரு தொண்டு. அலைந்த காலுக்கு அவன் பெற்றது கூலி. இன்று 'ரியல் எஸ்டேட்' என்னும் பலகையின் கீழ் அமர்ந்திருப்பவன் ஒரே வீட்டிற்குக் குடிபுகுவானிடம் ஒரு திங்கள் கூலியும், வாய்ப்பிருப்பின் வீட்டுக்காரனிடம் மற்றொரு திங்கள் கூலியும் பெறுகின்றான். விற்பனையாயின் இருபாலும் விழுக்காடு ஒன்றோ இரண்டோ. அதற்குக் கடன் பெற்றுக் கொடுத்தால் கடன் நிறுவனத்திடமும் ஒரு பங்கு. ஒருவன் யாருக்காகப் பேசுகின்றான் என்பது அவனுக்குக் கூலி கொடுப்பவன் யார் என்பதைப் பொறுத்தது. இருவரும் கொடுத்தால் அவன் எவர்க்காகவும் பேசுவதில்லை. பேரம் முடிய வேண்டும் என்பதற்காக மட்டுமே பேசுகின்றான். "இன்று மாலைக்குள் சொல்லுங்கள், இன்னும் மூவர் கேட்டுள்ளனர்" என்னும் அந்த அழியாத பொய் அவ்வாறு பிறந்ததே.

இதனினும் கேடு ஒன்று உளது. குடியிருப்பவன் பத்தாண்டு ஒரே வீட்டில் இருந்தால் தரகனுக்கு ஒரு தரகு. ஆண்டுக்கொருவன் மாறினால் பத்துத் தரகு. ஆகவே குடியை நிலைக்கவிடாமை அவன் தொழிலுக்கு நன்மை. "பக்கத்துத் தெருவில் இதே அளவு வீடு இரண்டாயிரம் கூடுதலாகப் போகின்றது" என்று வீட்டுக்காரன் காதில் ஊதுபவன் அவனே. பதினொரு திங்களுக்கு மேல் உடன்படிக்கை எழுதாமைக்குப் பதிவுச் செலவு ஒரு கரணியம்; திங்கள் பன்னிரண்டானதும் கூலியை ஏற்றவும் ஆளை மாற்றவும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அப்பிள்ளைகள் பள்ளி மாறுவதைப் பற்றி அங்கு எவர்க்குக் கவலை?

குலம் கேட்பதும் சமயம் கேட்பதும் அடுப்பில் என்ன வேகும் என்று கேட்பதும் தரகன் வாய் வழியாகவே நடக்கின்றன. வீட்டுக்காரன் முகத்துக்கு நேரே சொல்ல நாணுவதை, "அவ்வீடு போய்விட்டது" என்னும் ஒரு சொல்லால் தரகன் முடித்து வைக்கின்றான். 'புலால் உண்ணாதார்க்கு மட்டும்' என்று வெளிப்படையாகவே பலகை தொங்குவதும் தமிழகத்தின் தலைநகரிலேதான். யாதும் ஊர் என்று உலகுக்குச் சொன்ன இனத்தான் தன் ஊரில் தன் இனத்தானுக்கே வீடு மறுக்கின்றான். அம்மறுப்பிற்கும் ஒருவன் தரகு பெறுகின்றான்.

இத்தரகரைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லையா? 2016-ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் தரகர் பதிவு செய்துகொள்ளல் வேண்டும் என்கின்றது. ஆனால் அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டிற்கு மேற்பட்ட குடியிருப்புகளாகவோ எழும் புதுத் திட்டங்களில் மனையும் வீடும் விற்பதைப் பற்றியது. தெருமுனையில் ஒற்றிக்கும் கூலிக்கும் வீடு காட்டுபவனை அது தீண்டுவதில்லை. கோடிக்கு வாங்குபவனுக்குக் காப்பு உண்டு. குடிசைக்கு முன்பணம் கொடுப்பவனுக்கு இல்லை.

மூன்றாவது பாடமாகிய புதுக்கலைப் பற்றி மேடையில் மிகுந்த தேன் தடவிப் பேசுகின்றனர். வீடு அழகுபெறுதல் தீதா? பழுதுபார்த்தல் வீட்டுக்காரன் கடமையன்றோ? ஆம், அதுதான் கேள்வி. ஒழுகும் கூரையை அடைப்பதும், பொரிந்த சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதும், இற்றுப்போன நீர்க்குழாயை மாற்றுவதும் பெற்ற கூலிக்கு ஆற்ற வேண்டிய கடன். அக்கடனைப் பத்தாண்டு செய்யாதிருந்து, பதினோராம் ஆண்டில் மொத்தமாகச் செய்து, அதற்குப் 'புதுக்கம்' என்று பெயரிட்டு, அதன் பெயரால் இருந்தவனை வெளியேற்றிக் கூலியை ஏற்றுவதே இம்மேடைகளிற் புகட்டப்பெறும் நுட்பம்.

இதற்கும் கணக்குப் பார்க்கலாம். 12,000 உருவா கூலி வந்த வீட்டிற்கு 2,00,000 உருவா செலவிட்டு, கூலியை 18,000 ஆக்குகின்றான் ஒருவன். ஆண்டிற்கு 72,000 மிகுதி. முப்பத்து நான்காம் திங்களில் போட்ட பணம் முழுதும் திரும்பிவிடுகின்றது. கூலி மட்டும் பழைய இடத்திற்குத் திரும்புவதில்லை. செருமனி நாட்டில் இதற்கு வரம்பு கட்டியிருக்கின்றனர். அங்குப் பழுதுபார்த்த செலவைக் கூலியில் ஏற்றவே ஒண்ணாது. வீட்டின் தரத்தை உண்மையாக உயர்த்திய செலவில், ஆண்டிற்கு 8 விழுக்காடே கூலியோடு சேர்க்கலாம்; 2018 முடிய 11 விழுக்காடாக இருந்ததை 2019 முதல் இவ்வாறு குறைத்தனர். அவ்வளவையின்படி மேற்சொன்ன வீட்டிற்குத் திங்களுக்கு 1,333 உருவா ஏறும். இங்கு ஏறியது 6,000.

தமிழகத்திலும் வரம்பு இருந்தது. 1960-ஆம் ஆண்டின் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பின்னர் வந்த திருத்தத்தோடு, குடியிருப்பு வீட்டிற்கு அதன் மொத்த மதிப்பில் ஆண்டிற்கு 9 விழுக்காடே தகுகூலி என்றது. பழுதுபார்ப்பதற்காகக் குடியை வெளியேற்றினால், பணி முடிந்தபின் அதே குடிக்கே வீட்டைத் திரும்பக் கொடுப்பதாக உறுதி எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. அச்சட்டத்திற் குறைகள் இருந்தன; ஐம்பது உருவாவிற்குக் கடைவீதியிற் பெரிய கட்டடத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிடித்து வைத்திருந்த வலிய குடிகளும் இருந்தனர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குறையைக் களைவதை விட்டு, சட்டத்தையே களைந்தனர். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், கூலியை இருவர் உடன்பாட்டிற்கே விட்டுவிட்டது. முன்பணம் மூன்று திங்கள் கூலிக்கு மேற்படலாகாது என்று அதில் ஒரு நல்ல விதி உண்டு. ஆனால் அதன் முன்னே 'வேறு உடன்பாடு இருந்தாலன்றி' என்னும் கருத்துப்பட ஒரு தொடரையும் வைத்தனர். வீடு வேண்டி நிற்பவன் எவ்வுடன்பாட்டிற்கு உடன்படான்? பத்துத் திங்கள் முன்பணம் கேட்டால் பத்துத் திங்களுக்கு உடன்படுவான். 15,000 கூலிக்கு 1,50,000 முன்பணம்; வட்டியில்லாக் கடன்; வெளியேறும் நாளில் 'சுவருக்கு வண்ணம் பூச' என்று அதிலும் ஒரு திங்கள் கூலி பிடித்தம். வண்ணம் பூசுவதற்குக் குடியிடமே பணம் பெற்று, வண்ணம் பூசியதைக் காட்டி அடுத்த குடியிடம் கூலியை ஏற்றும் இத்திறத்தைக் கண்டால் தஞ்சைக் கருவூலத்தாரும் வியப்பர்.

ஓய்வூதியமில்லாத கைம்பெண் ஒருத்தி, கணவன் விட்டுச் சென்ற வீட்டில் ஒரு பகுதியைக் குடிக்கூலிக்கு விட்டு வாழ்கின்றாளே, அவளும் ஒட்டுண்ணியோ என்று கேட்பார் உளர். அல்லள். அவள் வாசலைக் கூட்டுகின்றாள், நீர்த்தொட்டியைக் கழுவுகின்றாள், குடியிருப்பவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கருக்கிடுகின்றாள். அவள் பெறுவது ஒரு வீட்டின் கூலி. இங்குப் பேசப்பெறுவது, தான் ஒருநாளும் உறங்காத பத்து வீடுகளின்மேல் கைவைத்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு விரைவில் எவ்வளவு கறக்கலாம் என்று கணக்கிடும் தொழிலைப் பற்றி. இவ்விருவரையும் 'வீட்டுக்காரர்' என்னும் ஒரே சொல்லுள் அடைத்து, அவளைக் கேடயமாக முன்னே நிறுத்திப் பின்னே அவன் ஒளிந்துகொள்வது பழைய சூழ்ச்சி.

அரசு செய்ய வேண்டியவை அருஞ்செயல்கள் அல்ல. பத்து இலக்கத்திற்கு உட்பட்ட ஒற்றிக்கு முத்திரைக் கட்டணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் பெயரளவாகக் குறைத்துவிட்டால் ஏழை பதிவகத்தின் படியேறுவான். கூலிக்கும் ஒற்றிக்கும் வீடு காட்டும் தரகனையும் பதிவு வளையத்துள் கொணர்ந்து, இருபாலும் தரகு பெறுவதைத் தடுத்தல் வேண்டும். 'வேறு உடன்பாடு' என்னும் தொடரை முன்பண விதியினின்று வெட்டி எறிதல் வேண்டும். வைப்பகங்களும் கடன் நிறுவனங்களும் பல பக்க ஆங்கிலத் தாள்களைக் கொடுத்து, கரிக்கோலால் குறியிட்ட இடமெல்லாம் கையொப்பம் வாங்கும் கொடுமை இன்னும் நடக்கின்றது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்தது. தன் வீட்டை எந்த விதியின்கீழ் இழக்கக்கூடும் என்பதைத் தன் மொழியிற் படித்தறியும் உரிமையும் இல்லாதவனுக்கு அவ்வாட்சிமொழி எதற்கு? தமிழ் ஆவணத்திற் கையொப்பமிட்டாலன்றி ஈடு செல்லாது என்று ஒரு விதி வேண்டும்.

அவ்விதி வருங்காறும் ஒற்றிக்கு வீடு பிடிப்போர் தாமே விழித்திருத்தல் வேண்டும். மூல ஆவணத்தைக் கையில் வாங்கிப் பார்க்க. அது வீட்டில் இல்லை, 'பெட்டகத்தில் இருக்கின்றது' என்று வீட்டுக்காரன் கூறின் அங்கேயே எழுந்து விடுக. வில்லங்கச் சான்று எடுக்க. வைப்பகங்கள் பெற்ற ஈடுகளைப் பதிந்து வைக்கும் நடுவண் பதிவகம் ஒன்று 2011 முதல் இயங்குகின்றது. சிறு கட்டணம் செலுத்தி அதனையும் தேடிப் பார்க்கலாம். தாளில் 'லீசு' என்று அச்சிட்டிருப்பின் அதனை அடித்து 'ஒற்றி' என்று எழுதச் சொல்லுக. அதற்கு வீட்டுக்காரன் மறுப்பானாயின் அவன் எதற்காக மறுக்கின்றான் என்பதைத் தரகனிடம் கேளற்க, பதிவகத்தில் கேட்க.